கவச உடை மட்டும் திருப்பூரைக் காப்பாற்றவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா காலத்தில் தொழில்கள் எப்படிச் சமாளித்தன என்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, திருப்பூர் ஒரே மாதத்தில் பனியனை விட்டு மாஸ்க்குக்கும் கவச உடைக்கும் மாறிப் பிழைத்துக்கொண்டது என்கிறது. மேடைகளிலும் இதைத்தான் சொல்கிறார்கள். இது பாதிதான் உண்மை. மாறியது தையல் பகுதி மட்டும். கடன், வரவேண்டிய பாக்கி, சம்பளப் பதிவு மூன்றும் பழையபடியே கிடந்தன. எந்த யூனிட் தாக்குப்பிடித்தது, எது ஷட்டரை இறக்கியது என்பதை முடிவு செய்தவை இவைதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு ஆர்டர்கள் நின்றபோதும் அடி விழுந்தது இதே இடங்களில்தான். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் கவச உடை. பஞ்சு நூல் துணியைத் தைத்துப் பழகிய ஊருக்கு இது வேறு பொருள். பாலிப்ரொப்பிலீன் நான்-வோவன் (நெய்யாத) ஷீட்டின் மேல் பாலிஎத்திலீன் படலம் ஒட்டிய ரோல். இரண்டும் சேர்ந்து 90 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 90 கிராம்) அளவில் இருக்கும். கட்டிங் மேஜையிலேயே தொல்லை தொடங்கிவிடும். பனியன் துணி போல உயரமாக லே போட்டு, அதாவது அடுக்கி, வெட்டினால் பிளேடின் சூட்டில் ஓரங்கள் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுக்கும்போது கிழியும். லே உயரத்தைக் குறைத்து, பிளேடை அடிக்கடி தீட்டி, இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும். அதாவது கட்டிங் மாஸ்டரின் நாள் உற்பத்தி குறையும். விலை பேசும்போது இதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்தது ஊசி. பின்னலாடைக்குப் பால் பாயின்ட் ஊசி போடுவோம். அது இழையை விலக்கிக்கொண்டு இறங்கும். படலத்தில் விலகுவதற்கு இழை ஏது? குத்திக் கிழிக்கும். கூர்முனை ஊசிக்கு மாற்றி, தையல் நெருக்கத்தையும் குறைக்க வேண்டும். அங்குலத்துக்கு 8 முதல் 10 தையல் போதும். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் போலத் துளை விழுந்து, இழுத்ததும் அந்தக் கோட்டிலேயே பிரியும். எல்லாவற்றையும் விட முக்கியம், இதில் ஆல்ட்டர் கிடையாது. டி-ஷர்ட்டில் தையல் கோணினால் பிரித்து மறுபடி அடிக்கலாம். இங்கே பிரித்த இடத்தில் ஓட்டை நிற்கும். செக்கிங்கில் தள்ளிய பீஸ் குப்பைக்குத்தான்.

தைத்து முடித்தாலும் அது இன்னும் கவச உடை ஆகவில்லை. ஒவ்வொரு தையல் கோட்டின் மேலும் 20 மில்லிமீட்டர் அளவு அகலமுள்ள டேப்பைச் சுடுகாற்றில் ஒட்ட வேண்டும். அதற்கான சீம் சீலிங் மெஷின்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வருபவை. 2020 ஏப்ரலில் சரக்குப் போக்குவரத்தே தடுமாறிக் கிடந்தது. மெஷின் கிடைத்தவர்களுக்கும் சூடு பிடிபட நாளானது. படலம் 110 டிகிரி வாக்கில் உருகிவிடும்; கீழே உள்ள ஷீட் 160 வாக்கில்தான் உருகும். சூடு கூடினால் படலம் சுருங்கிப் பொத்தலாகும். குறைந்தால் டேப் ஒட்டியது போல இருந்து, பெட்டியில் மடித்துக் கிடக்கும்போது ஓரம் எழும். சூடு, உருளையின் அழுத்தம், ஓட்டும் வேகம் மூன்றும் சேர்ந்து அமைய வேண்டும். ரோல் மாறினால் மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும். அக்குளிலும் கவட்டிலும் நான்கு தையல்கள் சந்திக்கும் முடிச்சில் டேப்பின் மேல் டேப் ஏறும். ஓரத்தில் மயிரிழை இடைவெளி நின்றுவிடும். கசிவு முதலில் வருவது அங்கேதான்.

அந்தக் கசிவை மருத்துவமனைக்குப் போகும் முன்பே கண்டுபிடிக்கத்தான் செயற்கை ரத்தச் சோதனை. ஐ.எஸ்.ஓ. 16603 முறைப்படி வகுப்பு 3 வேண்டும் என்றார்கள், அதாவது 3.5 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் திரவம் ஊடுருவக் கூடாது. கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவில்தான் தொடக்கத்தில் இந்தச் சோதனை நடந்தது. துணி தேறினால் மட்டும் போதாது, டேப் ஒட்டிய தையலும் தேற வேண்டும். தேறியதற்குத் தரும் தனிக் குறியீட்டு எண்ணை ஒவ்வொரு உடையிலும் அச்சிட வேண்டும். தேறிய ரோல் தீர்ந்து, வேறு ஆலையின் ரோலை வாங்கினால் பழைய எண் அதற்குச் செல்லாது. பலர் சறுக்கியது இங்கே. ஆர்டரைப் பிடித்துவிட்டு, கிடைத்த ரோலை வாங்கி, ஆயிரக்கணக்கில் தைத்த பிறகு சாம்பிளை அனுப்பினார்கள். தேறவில்லை என்றால் அத்தனையும் முடங்கியது.

இத்தனைக்கும் நடுவே 2020 மே மாதத்திலேயே நாட்டில் தினமும் 2 லட்சம் கவச உடைகள் தயாராயின. அதில் பெருமைப்பட நியாயம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வேகமே விலையைச் சாய்த்தது. உள்நாட்டுத் தேவைக்கு மேல் உற்பத்தி வந்தபோது ஏற்றுமதிக்குக் கதவு மூடியிருந்தது. ஜூன் 29-ல்தான் மாதம் 50 லட்சம் என்ற ஒதுக்கீடு வந்தது. முழுத் தளர்வு ஆகஸ்ட் கடைசியில். அதற்குள் மற்ற நாடுகளில் வாங்குவோர் சீனச் சரக்குக்குத் திரும்பியிருந்தார்கள். மே மாதத்தில் கடன் வாங்கி டேப்பிங் மெஷின் இறக்கியவரின் தவணையோ நிற்கவில்லை.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்றும் உண்டு. கவச உடையின் ரோல் வெளி மாநிலங்களிலிருந்து, பெரும்பாலும் குஜராத்திலிருந்து வந்தது. எனவே நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி யாருக்கும் அதில் ஒரு ரூபாய் வேலை இல்லை. சங்கிலியில் ஒரு கண்ணிக்கு மட்டும் வேலை கிடைத்தது. பருத்தி மாஸ்க் அப்படியில்லை, நூலிலிருந்து எல்லாருக்கும் வேலை தரும். ஆனால் எவ்வளவு? 20-க்கு 18 சென்டிமீட்டரில் இரண்டு அடுக்கு, 180 ஜி.எஸ்.எம். துணி என்றால் ஒரு மாஸ்க்குக்கு 13 கிராம். ஒரு டி-ஷர்ட்டின் துணியில் 13, 14 மாஸ்க் போடலாம். பத்தாயிரம் டி-ஷர்ட் ஆர்டர் ஒன்று ரத்தானால், அந்த நிட்டிங், டையிங் வேலையை ஈடுகட்ட ஒரு லட்சத்துக்கு மேல் மாஸ்க் ஓட வேண்டும். மாஸ்க்கில் நல்ல புத்தியும் வேலை செய்தது. காது எலாஸ்டிக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது, லைக்ரா சேர்ந்த சிங்கிள் ஜெர்சி (பனியன் துணி வகை) கழிவுத் துணியை ஒன்றரை சென்டிமீட்டர் பட்டையாகக் குறுக்கில் வெட்டி இழுத்துவிட்டார்கள். ஓரம் தானே சுருண்டு உருளைக் கயிறாகிவிடும், காதையும் அறுக்காது. அதே சமயம், நீட்டினால் பின்னல் கண் திறந்துகொள்ளும் லூசான ஜெர்சியிலேயே மாஸ்க் தைத்து விற்றதும் நடந்தது. இன்டர்லாக் போன்ற நெருக்கமான துணி எடுத்திருக்க வேண்டும்.

இனி, இயந்திரங்களை நிறுத்திய விதம். தமிழகத்தில் 144 தடை மார்ச் 24 மாலை 6 மணிக்கு வந்தது. அது மாதக் கடைசி வரைதான் என்றிருந்தார்கள். அன்று நள்ளிரவு நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு. சுவிட்சை அணைத்துவிட்டுப் போனவர்கள் மே முதல் வாரத்தில் திரும்பி வந்து பார்த்தது, வட்டப் பின்னல் மெஷின்களில் சிலிண்டரோடு தொங்கிய துணியையும் துருப்பிடித்த ஊசிகளையும்தான். ஓடவிட்டதும் துணியில் நீளவாக்கில் கோடு விழும். ஊசி செட்டையே மாற்றினால்தான் போகும். துணியை இறக்கி, ஊசிகளுக்கு எண்ணெய் தெளித்து, மூடிவிட்டுப் போயிருந்தால் இந்தச் செலவு இல்லை. சாயப்பட்டறைகளில் ஈரத்தோடு கிடந்த துணியில் பூஞ்சைப் புள்ளி. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கதை இன்னும் மோசம். கழிவுநீர் வராவிட்டால் உயிரியல் தொட்டியின் பாக்டீரியா பட்டினியில் சாகும். மறுபடி வளர்க்க வாரக்கணக்கில் ஆகும். கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ. சவ்வுகளை நன்னீரில் கழுவி, 1 சதவீத சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் நிறுத்திவைக்க வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு பேரை அனுமதிச் சீட்டோடு உள்ளே விட்டிருந்தாலே போதும். அத்தியாவசியப் பணிப் பட்டியல் போட்டவர்களுக்கு இது தெரிந்திருக்காது. சொல்ல வேண்டியது நம் கடமை, நாமும் எழுதிக் கொடுக்கவில்லை.

மறுபடி திறந்தபோது இடைவெளி விட்டு உட்காரச் சொன்னார்கள். பவர் டேபிள் யூனிட்டில் இது சொல்வதற்கு எளிது. நீள மேஜையின் இரு பக்கமும் மெஷின்கள், அடியில் ஒரே ஷாஃப்ட், ஒரே மோட்டார். ஒன்று விட்டு ஒன்றை நிறுத்தினாலும் ஷாஃப்ட் முழுசாகச் சுற்றும். பாதி டெய்லருக்கு ஏறக்குறைய முழுக் கரன்ட். தனி மோட்டார் வைத்த மெஷின் என்றால் நகர்த்திப் போட்டுக்கொள்ளலாம், ஓடாதது கரன்ட் குடிக்காது. சிலர் ஆட்களைப் பாதியாக்காமல் ஷிப்டை இரண்டாகப் பிரித்தார்கள், அது கொஞ்சம் கைகொடுத்தது.

பணத்துக்கு வருவோம். ஏற்றுமதியாளருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டில் சனிக்கிழமை சம்பளம் போட வேண்டும். பில் பணமோ 60 நாள், 90 நாள். 40 டெய்லர், ஆளுக்கு வாரம் 3,500 ரூபாய் என்று வைத்தால் வாரம் 1.4 லட்சம். இரண்டு மாதப் பாக்கி என்றால் சம்பளமாகவே 11 லட்சம் வெளியே நிற்கும். பையர் ஆர்டரை ரத்து செய்தால் ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க்கருக்குத் தருவதை நிறுத்துவார். கேட்டால் ஏற்றுமதியாளர் பையரைக் கைகாட்டுவார். ஏற்றுமதிக் கடன் காப்பீடு எடுத்திருந்தவர்களுக்கும் ஏமாற்றம்தான். வழக்கமான பாலிசி சரக்கு கப்பலேறிய பிறகான பண ஆபத்துக்குத்தான். தைத்து, பேக் செய்து, குடோனில் நின்ற சரக்கு ரத்தானால் அது பேசாது.

2020 மே 13-ல் அறிவித்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் உண்மையிலேயே நல்ல திட்டம். பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம் கூடுதல் கடன், புதிதாக ஜாமீன் வேண்டாம், வங்கி வட்டி 9.25 சதவீதத்துக்கு மேல் கூடாது, அசலுக்கு ஓராண்டு அவகாசம். ஆனால் கணக்கைப் பாருங்கள். வங்கியில் 50 லட்சம் கடன் இருந்தவருக்கு 10 லட்சம் கிடைத்தது. நகைக்கடனிலும் சீட்டுப் பணத்திலும் தண்டல் வட்டியிலும் பத்து மெஷின் போட்டவருக்கு 20 சதவீதம் எதில்? பூஜ்ஜியத்தில். தவணை ஒத்திவைப்பும் அப்படியே, ஆகஸ்ட் 31 வரை தவணை கட்ட வேண்டாம் என்றார்களே தவிர வட்டி ஏறிக்கொண்டேதான் இருந்தது. கையில் காசு இருந்தும் ஒத்திவைத்தவர்களுக்கு அது நஷ்டம்.

வராத பாக்கிக்குச் சட்டம் இருக்கிறது, பயன்படுத்துவோர்தான் குறைவு. உத்யம் எனும் அரசின் சிறுதொழில் பதிவு உள்ள குறு, சிறு யூனிட்டுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு. அரசின் இணையதளத்தில் புகார் போட்டால் குறு, சிறு தொழில்களுக்கான வசதி மன்றம் விசாரிக்கும். அதன் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக 75 சதவீதத் தொகையைக் கட்டியாக வேண்டும். வேலை செய்து கொடுத்த பிறகு அவசரமாக உத்யம் எடுத்தால் பழைய பில்லுக்குச் செல்லாமல் போகலாம். பலர் செய்தது அதுதான். வருமான வரியில் 43பி(எச்) பிரிவு வந்த பிறகு, காலத்தில் தராத தொகையை, வேலை வாங்கியவர் பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதத்தில் பழைய பாக்கி திடீரென்று வரத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். பில்லிலும் டெலிவரி சலானிலும் உத்யம் எண்ணை அச்சிட்டுவிடுங்கள். கேட்காமலே பாதி வேலை நடக்கும்.

தொழிலாளர் பக்கம்தான் அதிகம் பேச வேண்டியது. ஊரடங்குக் காலத்துக்கு முழுச் சம்பளம் தர வேண்டும் என்று மத்திய உள்துறை மார்ச் 29-ல் உத்தரவிட்டது. மே 18 முதல் அது விலகியது. இடைப்பட்ட 50 நாளுக்கு இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாதச் சம்பளக்காரருக்குப் பேச ஒரு எண் இருந்தது. தைத்த பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பீஸ் ரேட் டெய்லருக்கு என்ன எண்? கான்ட்ராக்டரின் பாக்கெட் நோட்டில் இருந்ததுதான். பேச்சுவார்த்தைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பியதற்கு இதுவே காரணம். பீஸ் ரேட் ஆளுக்கும் வாரந்தோறும் பெயர், பீஸ், தொகை போட்டுக் கையெழுத்து வாங்கிய பதிவேடு இருந்தால், முந்தைய மூன்று மாதச் சராசரி என்று ஒரு அடிப்படை கிடைக்கும்.

முறையாகக் கணக்கு வைத்தவர்களுக்கு அரசின் கை நீண்டது. 100 பேருக்கு மிகாமல் இருந்து, அதில் 90 சதவீதம் பேர் 15,000 ரூபாய்க்குக் கீழே சம்பளம் வாங்கினால், மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பி.எப். தொகை 24 சதவீதத்தையும் மத்திய அரசே கட்டியது. 60 பேரை வைத்துக்கொண்டு பதிவில் 18 பேரைக் காட்டியவர், சில ஆயிரங்களை மிச்சம் பிடித்து இதை இழந்தார். அவருடைய 42 டெய்லர்களுக்கு பி.எப். முன்பணமும் இல்லை, இ.எஸ்.ஐ.யும் இல்லை.

பி.எப். இருந்தும் பணம் வராதவர்கள் ஏராளம். கொரோனா முன்பணமாக, இருப்பில் 75 சதவீதம் அல்லது மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், எது குறைவோ அது கிடைத்திருக்க வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதெல்லாம் சின்னச் சின்ன விஷயத்துக்காக. ஆதாரில் இன்ஷியல் பெயருக்குப் பின்னால், பி.எப்.பில் முன்னால். அப்பா பெயர் விரித்து எழுதியது ஓரிடத்தில், ஓரெழுத்து இன்னோரிடத்தில். மங்கலாக எடுத்த பாஸ்புக் போட்டோ. பிறந்த தேதியில் மூன்று ஆண்டு வரை வித்தியாசம் இருந்தால் ஆதாரையே ஏற்கலாம் என்று ஏப்ரலில் தளர்த்தினார்கள். பெயருக்கு அந்தத் தளர்வு இல்லை. 2021-ல் இரண்டாம் முன்பணம் தந்தபோது வேறு சிக்கல்: சிண்டிகேட், கார்ப்பரேஷன், ஆந்திரா வங்கிகள் இணைந்துவிட்டதால் பழைய ஐ.எப்.எஸ்.சி. எண்கள் செல்லாமல் போயின. எண்ணை மாற்றாதவருக்குப் பணம் போய்த் திரும்பியது.

இ.எஸ்.ஐ.யில் வேலையிழப்பு நிவாரணம் என்று ஒன்று இருந்ததே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. 2020-ல் அதை அன்றாடச் சம்பளத்தில் 25-லிருந்து 50 சதவீதமாக உயர்த்தினார்கள், 90 நாள் வரை. நாள் சம்பளம் 500 என்றால் 22,500 ரூபாய். கம்பெனியின் கையெழுத்துக்குக் காத்திராமல் கிளை அலுவலகத்தில் நேரே கொடுக்கலாம் என்றும் வந்தது. தகுதிக்கு அப்போது இரண்டு ஆண்டுக் காப்பீட்டு வேலையும், கடைசி ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளும் வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றிலும் 78 நாள் வேண்டியிருந்தது. நம் ஊர் டெய்லர் தீபாவளிக்கு ஒரு கம்பெனி, பொங்கலுக்கு ஒரு கம்பெனி என்று மாறுபவர். போகும் இடத்திலெல்லாம் பழைய எண்ணைக் கேட்காமல் புது இ.எஸ்.ஐ. எண் போட்டுவிட்டால், மூன்று எண்ணில் மூன்று துண்டாக நாட்கள் கிடக்கும். எதுவும் 78-ஐத் தொடாது. ஆள் சேர்க்கும்போது 'பழைய நம்பர் இருக்கா?' என்று ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது.

பீகாருக்கும் ஒடிசாவுக்கும் ரயிலேறியவர்கள் திரும்ப மாதங்கள் ஆயின. பயணச் செலவையும் வாடகையையும் பொறுத்துக்கொண்ட கம்பெனிகளுக்கு அவர்கள் முதலில் வந்தார்கள் என்பதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்டர் திரும்பியபோது நூல் விலை ஏறி, கன்டெய்னர் கிடைக்காமல் போனது தனிக்கதை. பஞ்சு இறக்குமதி வரி 11 சதவீதத்தை 2022 ஏப்ரலில் நிறுத்திவைத்தார்கள்; பழைய விலைக்கு ஆர்டர் எடுத்தவர்கள் அதற்குள் திணறிப்போனார்கள்.

தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு கோரிக்கைகள். தூசி படிந்து கிடக்கும் டேப்பிங் மெஷின்களைப் பழைய இரும்புக்குப் போட விடாமல், ஏதேனும் ஒரு பொது வசதி மையம் வாங்கி ஓடும் நிலையில் வைத்திருக்கலாம். மழைக்கோட்டு, விளையாட்டு ஆடை ஆர்டருக்கும் அவை உதவும். மற்றது பி.எப். பற்றி. 2017 அக்டோபருக்குப் பிறகு வாங்கிய யு.ஏ.என். (பி.எப். உறுப்பினர் எண்) என்றால் பெயர்த் திருத்தத்தை இப்போது உறுப்பினரே ஆன்லைனில் செய்யலாம். அதற்கு முந்தையது என்றால் கம்பெனி ஒப்புதல் வேண்டும். கம்பெனியே மூடிப்போயிருந்தால் பி.எப். அலுவலகத்துக்கு அலைய வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் மாதந்தோறும் 27-ஆம் தேதி குறைதீர் முகாம் நடக்கிறது. அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலைநாளுக்குத் தள்ளுகிறார்கள். பீஸ் ரேட் டெய்லர் வேலைநாளில் முகாமுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு, அதனால் போவதில்லை. திருப்பூருக்கு மட்டுமாவது அதை ஞாயிற்றுக்கிழமை நடத்த வருங்கால வைப்பு நிதி அலுவலகம் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
பின்னலாடை உற்பத்தி மேலாளர் ஒருவரும்
ஜாப் ஒர்க் யூனிட்களின் பி.எப்., இ.எஸ்.ஐ. ஆலோசகர் ஒருவரும்,
திருப்பூர்